2 தொன் கை வின்ச்சின் கொக்கி விரிந்துவிட்டது: அடுத்து எதை வாங்குவது?

வெள்ளவத்தை கெப்
வணக்கம். இருப்பது கொழும்பில். மாதம் ஒருமுறை நெடுங்கேணிப் பக்கம் இருக்கும் எங்கள் வயலுக்குப் போய்வருவேன். வாகனம் டீசல் டபுள் கெப், நாலு சில்லும் இழுக்கும்.

போன கிழமை மழை விட்ட மறுநாள், குளக்கட்டில் இருந்து வயலுக்கு இறங்கும் பாதையில் வண்டி புதைந்துவிட்டது. பின்னால் ஆறு மூட்டை உரம். போன வருடம் வாங்கி வைத்த கை வின்ச்சை அன்றுதான் முதன்முதலாக வெளியே எடுத்தேன். லீவரை ஆட்ட ஆட்டப் பற்சில்லு சுற்றிக் கம்பிக்கயிற்றைச் சுருட்டுமே, அந்த வகை. ஸ்டிக்கரில் 2 தொன் என்று போட்டிருக்கிறது.

பாலை மரத்தில் சங்கிலி கட்டி இழுத்தோம். ஒரு சாண் வந்தது. பிறகு லீவர் அசையவில்லை. மச்சான் ஒரு ஜீஐ குழாயை லீவரில் செருகி அமத்தினான். நாலைந்து பல் ஏறியிருக்கும், கொக்கி விரிந்து கயிறு பறந்து வந்து முன் கிறிலில் அடித்தது. குழாய் மச்சானின் முழங்கையை உரசிக்கொண்டு போனது. பெரிய காயம் இல்லை, ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கடைசியில் ஊர் டிராக்டர் வந்துதான் இழுத்தது.

4 தொன் என்று போட்டதை வாங்கலாமா? அல்லது ஹை-லிஃப்ட் ஜெக்கா (உயரக் கம்பத்தில் படிப்படியாக ஏறும் ஜெக்), டிர்ஃபோரா (கயிற்றைச் சுருட்டாமல் பிடித்துப் பிடித்து இழுக்கும் கை வின்ச்)? மின் வின்ச் பூட்ட வசதி இல்லை.

தெஹிவளை ஜிம்னி
ஹை-லிஃப்ட் ஜெக் எடுங்கள். தூக்கும், இழுக்கும், எல்லாம் செய்யும். நான் ஐந்து வருடமாக அதோடுதான் திரிகிறேன்.

வன்னி வரம்பு
டிராக்டர்காரரின் நம்பரைப் போனில் போட்டு வையுங்கள். அதைவிட நல்ல வின்ச் இன்னும் வரவில்லை 😀

கொட்டாஞ்சேனை கராஜ்
வாங்குவது இருக்கட்டும் தம்பி. நாலு விஷயம் சொல்லுங்கள். சேறு எதுவரை இருந்தது? வண்டியில் கொக்கியை எங்கே மாட்டினீர்கள்? கயிறு ஒற்றையாகப் போனதா, கப்பி போட்டு இரட்டையாகவா? விரிந்தது எந்தப் பக்கத்துக் கொக்கி?

வெள்ளவத்தை கெப்
அண்ணை, சேறு முன்சில்லில் ஹப் வரை. பின்சில்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். கொக்கியை மாட்டியது முன் பம்பருக்குக் கீழே இருக்கும் வளையத்தில். கயிறு ஒற்றைதான். வின்ச்சோடு ஒரு சின்னக் கப்பியும் கொக்கியும் தனியாக வந்தன. அது எதற்கென்று தெரியாமல் சாமான் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். விரிந்தது வண்டிப் பக்கத்துக் கொக்கி.

கொட்டாஞ்சேனை கராஜ்
நினைத்தேன். அந்தக் கப்பிதான் உங்கள் இரண்டாவது தொன்.

மூன்று கொக்கி வைத்து வரும் இந்தச் சின்ன வின்ச்சுகளில் ஸ்டிக்கரில் இருக்கும் எண் பெரும்பாலும் கயிற்றைக் கப்பியில் மடித்து இரட்டையாக இழுக்கும்போது கிடைப்பது. ஒற்றையாக இழுத்தால் அதில் பாதி. ஆக உங்கள் கையில் இருந்தது 1 தொன் வின்ச்.

வண்டி என்ன கேட்டது என்று பார்ப்போம். கெப் 1900 கிலோ, உரம் 300, மொத்தம் 2200 என்று வைப்போம். சில்லு ஆழத்துக்குப் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடை அளவுக்கே விசை வேண்டும் என்பது இராணுவ மீட்புக் கையேடுகளில் வரும் கணக்கு. உடம்பு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. அதற்கு மேல் ஏற்றம் இருந்தால் ஒவ்வொரு பாகைக்கும் எடையில் 60இல் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். குளக்கட்டுச் சரிவு 5 பாகை என்று பிடித்தால் 183 கிலோ. ஆக 2400 கிலோவுக்குக் கிட்ட. 1 தொன் சாமானில் 2400 கேட்டிருக்கிறீர்கள். லீவர் இறுகியது அதைத்தான் சொன்னது. அந்த நேரம் பார்த்து மச்சான் குழாயைப் போட்டார்.

லீவரின் நீளத்தைச் செய்தவன் சும்மா வைக்கவில்லை. ஒரு ஆள் தன் கையால் அமத்தி ஏறாவிட்டால் சாமான் அதன் எல்லைக்கு வந்துவிட்டது. குழாய் போட்டால் அந்த எல்லை உங்கள் கைக்குத் தெரியாமலே போய்விடும்.

இனி மற்றப் பக்கம். அதே வண்டி, உரத்தை இறக்காமலே, நாலு சில்லுக்கும் முன்னால் மண்ணை வெட்டிச் சரிவாக எடுத்து, அச்சுக்குக் கீழே ஒட்டிய சேற்றையும் கிளறிவிட்டிருந்தால் அது ஆழமில்லாத சேற்றில் நிற்கும் வண்டி ஆகிவிடும். அதற்கு எடையில் மூன்றில் ஒன்று போதும். 2200இல் அது 733. சரிவுக்கு 183. மொத்தம் 916. கையிருப்பாகக் கால் பங்கு கூட்டினாலும் 1145. அந்தக் கப்பியையும் போட்டிருந்தால் உங்கள் பழைய வின்ச்சே இழுத்திருக்கும்.

மண்வெட்டி இருந்ததா?

வெள்ளவத்தை கெப்
வயலுக்குத்தானே போனோம், இரண்டு இருந்தன 🙈

கொட்டாஞ்சேனை கராஜ்
சரி. அடுத்தது அந்த வளையம். பம்பருக்குக் கீழே மெல்லிய கம்பி வளையமாக இருந்தால் அது கப்பலில் வண்டியைக் கீழ்நோக்கிக் கட்டுவதற்குப் போட்டது. முன்னோக்கி இழுக்க அல்ல. போல்டையும் அதைச் சுற்றியுள்ள சேஸியையும் வடிவாகப் பாருங்கள், வளைந்திருக்கும். சேஸியில் நேரே பூட்டிய, சுமை எண் குறித்த கொக்கியோ இழுவைப் புள்ளியோ வேண்டும். ட்ரெயிலர் மாட்டும் உருண்டையில் யாரும் எதையும் கட்டாதீர்கள். அது முறிந்து பறந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு.

4 தொன் ஸ்டிக்கர் வாங்கினாலும் இதே கதைதான். கயிறு, கொக்கி, ஷேக்கிள் (குறுக்கே ஊசி பூட்டும் U வடிவ இரும்பு), வளையம், மரத்தில் சுற்றும் பட்டி எல்லாம் ஒரே வரிசை. எது மெலிசோ அதுதான் உங்கள் வின்ச்சின் எண்.

தெஹிவளை ஜிம்னி
கணக்கு எல்லாம் சரி அண்ணா. ஆனால் ஹை-லிஃப்ட் இருந்தால் சில்லைத் தூக்கிக் கீழே பலகை போட்டு வெளியே வந்திருக்கலாமே.

கொட்டாஞ்சேனை கராஜ்
உங்கள் ஜிம்னி 1100 கிலோ, இரும்பு பம்பரும் போட்டிருப்பீர்கள். இவருடைய கெப்பில் அந்த ஜெக்கின் நாக்கை எங்கே வைப்பது? பிளாஸ்டிக் பம்பரில் வைத்தால் பம்பர் கையோடு வரும்.

நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. 48 அங்குலக் கம்பம், 2 தொன்னுக்குச் சற்று மேல் தாங்கும். ஆனால் சேற்றில் அதன் சின்ன அடி அப்படியே இறங்கும், ஒன்றரை அடிச் சதுரப் பலகை இல்லாமல் வைக்கவே கூடாது. ஏற்றுவதைவிட இறக்குவதுதான் பயம். பாரம் இருக்கும்போது கைப்பிடி கையை விட்டு நழுவினால் தானாக மேலும் கீழும் அடிக்கத் தொடங்கும், பிடிக்கப் போனால் தாடைதான். ஆட்டாத நேரம் கைப்பிடியைக் கம்பத்தோடு நிமிர்த்தி வைக்க வேண்டும். தலையை அதன் பாதைக்குள் கொண்டுபோகக் கூடாது. அதில் தூக்கிய வண்டிக்குக் கீழே ஒரு விரல்கூடப் போகக் கூடாது.

வின்ச்சாகவும் இழுக்கும், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு மீட்டர்கூட வராது. பிறகு வண்டியைக் கட்டி நிறுத்தி, ஜெக்கை இறக்கி, சங்கிலியைச் சுருக்கி, திரும்பவும் முதலில் இருந்து. வெயிலில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தெஹிவளை ஜிம்னி
கைப்பிடி விஷயம் உண்மை. என் முன்பல் ஒன்று அப்படித்தான் உடைந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

புதுக்கடை ரைடர்
இவ்வளவு கஷ்டம் எதற்கு? நைலோன் கயிற்றை இன்னொரு கெப்பில் கட்டி, கொஞ்சம் தொய்ய விட்டு, ஓடிப்போய் ஒரு வெட்டு. வந்துவிடும்.

கொட்டாஞ்சேனை கராஜ்
வந்துவிடும். வண்டி வருமா வளையம் வருமா என்பதுதான் கேள்வி. அப்படி வெட்டி இழுப்பதற்கென்றே நீளும் பட்டி தனியாக இருக்கிறது, அதுவும் சரியான இழுவைப் புள்ளி உள்ள இரண்டு வண்டிகளுக்கு. அந்த நீளும் பட்டியைக் கை வின்ச்சோடு சேர்க்கவும் கூடாது. இழுக்க இழுக்க றப்பர் மாதிரிச் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். மரத்துக்கு நீளாத பட்டிதான்.

வெள்ளவத்தை கெப்
அப்ப டிர்ஃபோர்தானா அண்ணை? பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று கண்டேன். என்ன பார்த்து வாங்க வேண்டும்?

கொட்டாஞ்சேனை கராஜ்
வருடத்தில் நாலைந்து தடவை சேற்றில் போகிறவருக்கு என் தெரிவு அதுதான். உள்ளே இரண்டு சோடித் தாடைகள். ஒன்று பிடிக்கும்போது மற்றது விட்டு முன்னே போகும், நாம் கயிறு பிடித்து இழுக்கும்போது கை மாற்றுவதுபோல. கயிறு சுருளாமல் நேரே ஊடுருவிப் போவதால் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் இழுக்கலாம். முன்னுக்குப் போவதுபோல் மெல்லப் பின்னுக்கும் விடலாம். லீவரை ஒரு தடவை ஆட்டினால் சில சென்ரிமீட்டர்தான். அந்த மெதுவே அதன் நல்ல குணம், என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இழுக்கலாம்.

உங்கள் வண்டிக்கு 1600 கிலோ மாதிரி. 800 காணாது, 3200 தூக்கித் திரிய முடியாது. 1600க்கு 11.5 மில்லிமீட்டர் கயிறுதான், வேறு அளவு போடக் கூடாது. 12 இருக்கிறது, சும்மா போடுங்கள் என்று கடையில் சொல்வார்கள். தாடை அந்த அளவுக்கு வெட்டியது, பிடிக்காது. 20 மீட்டர் கயிறே 10 கிலோவுக்கு மேல் வரும், அதையும் கணக்கில் எடுங்கள்.

பழையதானால் கயிற்றைப் பழந்துணியால் பிடித்து முழு நீளத்துக்கும் உருவிப் பாருங்கள். இழை அறுந்திருந்தால் துணி மாட்டும். ஒரு இடத்தில் மடிந்து முறுக்கு விழுந்திருந்தால் அந்தக் கயிறு வேண்டாம். லீவரில் வெட்டுப்பட்டு உடையும் ஊசிகள் இருக்கும், பாரம் மிஞ்சினால் அவை உடைந்து உங்களைக் காப்பாற்றும். ஊசிக்குப் பதிலாக ஆணியோ உருக்குப் போல்டோ அடித்திருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள். எத்தனையோ பேர் அதைத்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஷேக்கிளும் பட்டியும் பழைய சோனகத் தெருவில் எடுக்கலாம். உடம்பிலேயே சுமை எண் அச்சாகியிருக்கும் ஷேக்கிள் மட்டும் எடுங்கள். முக்கால் அங்குலத்தில் 4.75 தொன் என்று இருக்கும், உங்களுக்கு அது தாராளம். ஊசியை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பாரத்துக்குப் பிறகு கழற்ற அலவாங்கு தேடுவீர்கள்.

வன்னி வரம்பு
மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அது எங்கள் பக்கம். பாலை, முதிரை, புளி நல்லது. பட்டியைத் தரையோடு ஒட்டிப் போடுங்கள். சங்கிலியை நேரே போட்டால் பட்டை அறுந்து மரம் செத்துப்போகும், நீங்கள் அன்று அதைத்தான் செய்திருக்கிறீர்கள் கெப்காரரே. வயல் நடுவில் மரம் இல்லாவிட்டால் ஸ்பெயார் சில்லைப் பட்டியோடு ஆழக் குழி வெட்டி நிமிர்த்திப் புதைக்கலாம். இழுக்கும் பக்கம் பட்டி வர ஒரு சாய்ந்த வாய்க்கால் வெட்ட வேண்டும். நாங்கள் ஒருக்கால் செய்தோம். வண்டி வந்தது. சில்லைத் திரும்பத் தோண்டத்தான் பின்னேரம் ஆகிவிட்டது.

கொட்டாஞ்சேனை கராஜ்
அருமை. ஒன்று சேர்க்கிறேன். கப்பியை மரத்தில் கட்டிக் கயிறு போய்த் திரும்பி வந்தால், கயிற்றில் இருக்கும் இழுவையைப் போல இரண்டு மடங்கு அந்த மரத்துப் பட்டிக்கும் ஷேக்கிளுக்கும் விழும். பட்டி வாங்கும்போது அதை நினைத்து வாங்குங்கள். இழுக்கும்போது கயிற்றின் மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்கள், தோல் கையுறை போடுங்கள், கயிற்றைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் கயிற்று நீளத்தைவிடத் தள்ளி நிறுத்துங்கள். ஊரில் இது லேசில்லை, தெரியும்.

வெள்ளவத்தை கெப்
மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன மாதிரி வளையத்தின் போல்ட் இரண்டும் வளைந்துதான் இருந்தன. கராஜில் சேஸிக்குச் சரியான கொக்கி இரண்டு பூட்டினேன். பஞ்சிகாவத்தைச் சாமானில் ஊசிக்குப் பதில் ஆணி இருந்தது, விட்டுவிட்டேன். வேறு இடத்தில் ஒன்று கிடைத்தது, கயிறு மட்டும் புதிது போட்டேன்.

நேற்று அதே இடத்தில், வேண்டுமென்றே இல்லை, திரும்பவும் இறங்கியது. முதலில் உரத்தை இறக்கினோம். முக்கால் மணித்தியாலம் வெட்டினோம். டயர் காற்றை 18 psiக்குக் குறைத்து, முன்சில்லுகளுக்குக் கீழே தென்னை மட்டை போட்டோம். டிர்ஃபோரைக் கட்டி நான் ஆட்ட, மச்சான் முதல் கியரில் மெல்லச் சில்லைச் சுற்றினான். பத்துப் பன்னிரண்டு ஆட்டில் வண்டி தானாகவே ஏறிவிட்டது. கயிறு தொய்ந்ததும் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், நல்லவேளை கேட்டான்.

இப்போது கயிறு முழுக்கச் சேறு. கழுவிக் காயவிட்டு, வீட்டில் இருக்கும் கறுப்பு கிறபைட் கிறீஸைப் பூசலாமா?

கொட்டாஞ்சேனை கராஜ்
ஐயோ, வேண்டாம். கிறபைட்டோ மொலிப்டினமோ கலந்தது எதுவும் டிர்ஃபோருக்கு ஆகாது, தாடை வழுக்கும். கழுவி, காயவிட்டு, சாதாரண எண்ணெய் போடுங்கள். யந்திரத்துக்குள்ளும் மண் போயிருக்கும், மண்ணெண்ணெயில் அலசி அதையும் எண்ணெயில் நனையுங்கள்.

வெள்ளவத்தை கெப்
நல்லது அண்ணை. மச்சான் டப்பாவைத் திறந்துவிட்டான், பூச முதல் பிடுங்கிவிட்டேன்.