"தொறு" என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை: குறிப்புகளைச் செயலி மாற்றியவர்களின் அனுபவங்கள்

தகடூர் வாத்தியார், தருமபுரி

வீரர்களின் நினைவாக நட்ட நடுகல் தேடி அலைவது பணி ஓய்வுக்கு முன்பே என்னைப் பிடித்த கிறுக்கு. அரூர்ப் பக்கமோ ஊத்தங்கரைப் பக்கமோ யாராவது "எங்கள் காட்டில் வேடியப்பன் கல் இருக்கிறது" என்றால் போதும், வண்டியை எடுத்துவிடுவேன். கல்லின் வாசகம், படம், போன வழி எல்லாம் கைபேசியில் ஒரு குறிப்புச் செயலியில் ஏறிவிடும். அப்படி 1,340 குறிப்புகள் சேர்ந்துவிட்டன. சந்தா ஏறிக்கொண்டே போனதால், எல்லாவற்றையும் மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக இறக்கி வேறொரு செயலிக்குக் கொண்டுபோனேன். ஒரு மணி நேர வேலைதான். எழுத்து ஒன்றும் சிதறவில்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருக் காலத்தில் பட்ட பாட்டுக்கு இது சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஓர் ஆய்வு மாணவர், ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு இறந்தவர்களின் கற்களை மட்டும் பட்டியலாகக் கேட்டார். கல்வெட்டில் ஆநிரைக்குத் "தொறு" என்று பெயர். "தொறு மீட்டுப் பட்டான்" என்ற தொடரைப் படிக்காமல் இந்தப் பக்கத்து நடுகற்களைக் கடக்கவே முடியாது. தேடினேன். ஒன்றுமில்லை என்றது. கையால் உருட்டிப் பார்த்தால் கண் முன்னால் தொறு, தொறு, தொறு! என் கண்ணில்தான் கோளாறோ என்று கண்ணாடியைத் துடைத்தேன்.

அது போகட்டும் என்றால், எண்ணிக்கையிலும் 11 குறைந்தது. கல்லின் முதல் வரியை அப்படியே தலைப்பாக வைப்பது என் வழக்கம். காணாமல் போனவை எல்லாம் மிக நீண்ட தலைப்புகள்.

மூன்றாவது குழப்பம் என் கெட்டிக்காரத்தனத்தால் வந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய நூல்கள் ஓசூர்க் கல்லையும் தருமபுரி மாவட்டம் என்றுதான் சொல்லும். அதனால் "தருமபுரி பழையது", "தருமபுரி இன்றையது" என்று இரண்டு அடையாளச் சொற்கள் (டேக்) வைத்திருந்தேன். புதிய செயலியில் அடையாளச் சொல்லுக்குள் இடைவெளி கூடாதாம். முதல் சொல்லோடு வெட்டிவிட்டது. இப்போது எல்லாமே "தருமபுரி". மாவட்டப் பிரிவினையையே ரத்து செய்துவிட்டது.

மல்பெரித் தோட்டம், பென்னாகரம்

ஐயா, உங்களுக்குச் சொல் தொலைந்தது. எனக்குத் தேதி தொலைந்தது.

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். இளம்புழு வந்த நாள், ஒவ்வொரு தோலுரிப்பு, பால் புழு நோய் தலைகாட்டிய நாள், கூடு எத்தனை கிலோ, மார்க்கெட்டில் என்ன விலை, எல்லாம் கூகுளின் குறிப்புச் செயலியான கீப்பில் எழுதி வைத்திருந்தேன். எட்டு வருடத்தில் 47 தடவை வளர்த்த கணக்கு. புதிய செயலிக்கு மாற்றியதும் எல்லாக் குறிப்புகளுக்கும் மாற்றிய அன்றைய தேதியே விழுந்துவிட்டது. நான் தேதியைத் தனியாக எழுதுகிற பழக்கமில்லை, செயலிதான் போட்டுவிடுமே! "இன்று மூன்றாம் தோலுரிப்பு, இலை நிறுத்தினோம்" என்று இருக்கிறது. எந்த இன்று? புழு முட்டையிலிருந்து வந்து கூடு கட்டுவதற்கு ஒரு மாதம்கூட ஆகாது. அதில் இரண்டு நாள் கணக்கு பிசகினாலே அந்தக் குறிப்பால் பயனில்லை.

அக்கா மகன் வந்து காப்பாற்றினான். நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாக எடுத்தபோது ஒவ்வொரு குறிப்புக்கும் ஜேசன் என்ற வகையில் ஒரு தரவுக் கோப்பு வந்திருக்கிறது. அதற்குள் 16 இலக்கத்தில் ஓர் எண். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மைக்ரோ நொடிகளின் எண்ணிக்கையாம், அதுதான் குறிப்பு பிறந்த நேரம். தேதி பத்திரமாகத்தான் வந்திருக்கிறது, புதிய செயலி அதைப் படிக்கவில்லை. அந்த எண்ணைத் தேதியாக்கி ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் எழுதிக் கொடுத்தான். இப்போதெல்லாம் தேதியை நானே முதல் வரியில் எழுதிவிடுகிறேன்.

மண்டிக்காரன், கிருஷ்ணகிரி

பூட்டுப் போட்ட குறிப்புகளைத் திறந்துவிட்டு இறக்குங்கள். நான் மறந்துவிட்டேன். பெங்களூரா மாங்காய்க்கு முன்பணம் கொடுத்த கணக்கு முழுவதும் அதில்தான். வெறும் தலைப்பு மட்டும் வந்தது. நல்லவேளை, பழைய கணக்கை மூடவில்லை.

ராகிக்களி, ஓசூர்

வாத்தியார் ஐயா, உங்கள் கண்ணில் கோளாறில்லை. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் "ொ" என்ற குறியை இரண்டு விதமாக வைக்கலாம். ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, இரண்டு குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உங்கள் பழைய விசைப்பலகை பிரித்து வைத்திருக்கும். பழைய செயலி தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதியிருக்கும், புதியது அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. "ோ", "ௌ" இரண்டுக்கும் இதே கதிதான். மொத்தக் கோப்புகளையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் என்எப்சி என்ற வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரலை எழுதித் தருகிறேன். அதை ஓட்டுவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 11 குறிப்புகளுக்கும் காரணம் தமிழின் எடைதான். ஆண்ட்ராய்டு, லினக்ஸ் போன்றவற்றில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. "தொ" ஒழுங்காக இருந்தால் ஆறு, உங்களுடையது போலப் பிரிந்திருந்தால் ஒன்பது. கல்வெட்டின் முதல் வரி அதற்குள் அடங்குமா? பழைய செயலியில் அந்தத் தலைப்புகளைச் சுருக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

தகடூர் வாத்தியார், தருமபுரி

தம்பி, நிரலை ஓட்டினேன். தொறு 43 இடங்களில் வந்துவிட்டது. மாணவருக்குப் பட்டியலும் போய்விட்டது. 11 குறிப்புகளும் குட்டைப் பெயரோடு வந்து சேர்ந்தன. அடையாளச் சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு போட்டுப் பழைய செயலியிலிருந்து மறுபடி எடுத்தேன், கிருஷ்ணகிரி மீண்டும் பிரிந்துவிட்டது.

மிச்சம் ஒன்றுதான். பல இடங்களில் நான் "ௌ" குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டுப் பக்கத்தில் "ள" என்ற எழுத்தையே தட்டியிருக்கிறேன். அதை நிரல் தொடவில்லை, தொடவும் முடியாது. மொத்தமாக மாற்றச் சொன்னால் "தெளிவு" எல்லாம் "தௌிவு" ஆகிவிடும். கையால் திருத்துகிறேன், இன்று காலை வரை முப்பது முடிந்தது. பென்னாகரத்து அம்மா, அந்த அக்கா மகன் இன்னும் ஊரில்தான் இருக்கிறானா?