லியோன் வித்தாலி நடிப்பை விட்டது சரியா?

ரீல்பெட்டி:
நேற்று இரவு 'ஃபிலிம்வொர்க்கர்' பார்த்தேன். டோனி ஸியேரா எடுத்து 2017-இல் வந்த ஆவணப்படம். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லியோன் வித்தாலி ஒரு இங்கிலாந்து நடிகர். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' (1975) படத்தில் மாற்றாந்தந்தையை வெறுக்கும் புல்லிங்டன் பிரபுவாக நடித்தார். நல்ல பெயர், கையில் வாய்ப்புகள். ஆனால் அவருக்கு கேமராவுக்குப் பின்னால் நடப்பதில்தான் ஆசை. அடுத்து ஒரு பிராங்கன்ஸ்டைன் படத்தில் நடித்தபோதே எடிட்டிங் அறையில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டார். அப்புறம் குப்ரிக்கிடம் போய்ச் சேர்ந்தவர், 1999-இல் குப்ரிக் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். 2022-இல் அவரும் போய்விட்டார்.

என்னால் தூங்க முடியவில்லை. புல்லிங்டனாக வந்த அந்தப் பையனையும், ஆவணப்படத்தில் தலையில் துணி கட்டிக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருக்கும் மனிதரையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரு நடிகனை ஒரு இயக்குநர் மொத்தமாகத் தின்றுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டெண்ட்கொட்டாய்:
'தின்றுவிட்டார்' என்பதை நான் ஏற்க மாட்டேன். அவர் எதை இழந்தார் என்று மட்டும் எண்ணுகிறோம், என்ன செய்தார் என்று யாரும் பேசுவதில்லை.

'தி ஷைனிங்' (1980) படத்தில் ஹோட்டல் நடைவழியில் நீலக் கவுன் போட்டுக் கைகோத்து நிற்கும் இரட்டைச் சிறுமிகளை மறக்க முடியுமா? ஸ்டீபன் கிங்கின் நாவலில் அவர்கள் இரட்டையர் இல்லை, வெறும் அக்கா தங்கை. இரட்டையரைப் போடலாம் என்றவர் லியோன். அதே படத்தில் டேனி என்ற சிறுவனாக நடிக்க ஒரு பையனைத் தேடி சிகாகோ, டென்வர், சின்சினாட்டி என்று அலைந்து ஆயிரக்கணக்கான சிறுவர்களைப் பார்த்ததும் அவர்தான். கிடைத்த பையனைச் செட்டில் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார். தான் நடிப்பது பேய்ப்படம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலேயே படம் முடிந்தது.

'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) இன்னும் பெரிய விஷயம். அதில் பயிற்சி சார்ஜென்ட்டாக நடித்த ஆர். லீ எர்மி முதலில் ராணுவ ஆலோசகராகத்தான் வந்தார். லியோன் அவரை எதிரே நிறுத்தி, டென்னிஸ் பந்தையும் ஆரஞ்சுப் பழத்தையும் வீசிக்கொண்டே வசனம் பேச வைத்தார். வருவதைப் பிடித்துத் திருப்பி வீச வேண்டும், வாய் நிற்கக் கூடாது, ஒரு சொல் தடுக்கக் கூடாது. திரையில் அந்த சார்ஜென்ட் மூச்சு விடாமல் திட்டும்போது நாம் கேட்பது அந்தப் பயிற்சியைத்தான். ஒரு நடிகனால்தான் இன்னொரு நடிகனிடம் இப்படி வேலை வாங்க முடியும். அவர் நடிப்பை விட்டார் என்பதே எனக்குத் தவறாகப் படுகிறது.

ரீல்பெட்டி:
வேலையின் தரத்தை நான் மறுக்கவே இல்லை. அந்த இரட்டையர் யோசனையைத் தந்தவருக்கு டைட்டிலில் என்ன பெயர்? இயக்குநரின் தனி உதவியாளர். நடிகர் தேர்வு, பயிற்சி, பிரிண்ட் (தியேட்டரில் ஓட்டும் படச்சுருள்) சோதனை, அதைத் தயாரிக்கும் லேபோடு சண்டை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டது. குப்ரிக்கின் பூனை சாகக் கிடந்தபோது, அவர் எந்த அறையில் இருந்தாலும் அதைப் பார்க்க வீடெங்கும் மானிட்டர் மாட்டிக் கொடுத்ததும் இதே மனிதர். சினிமா கற்றுக்கொள்ள வந்தவருக்கு இது எதற்கு?

பேட்டா80:
பத்து வருஷம் கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருந்தவன் நான். இந்த விவாதத்தைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

என் இயக்குநர் பெயர் வேண்டாம். முதல் படத்தில் கிளாப் அடித்தேன், இரண்டாவதில் கன்டினியூட்டி நோட்டு. நாயகி எந்தக் கையில் டம்ளரைப் பிடித்தார், தாவணி எந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது, நெற்றியில் வேர்வை இருந்ததா, எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். பேட்டா வந்தால் சாப்பாடு, வராவிட்டால் ரூம் நண்பன் தயவு. அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வந்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் ஒரு முழு சீனை நான் எழுதினேன், அப்படியே எடுத்தார். டைட்டிலில் என் பெயர் ஒன்பது பேரோடு ஒரே கார்டில் இரண்டு நொடி வந்தது.

கோபம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் ரீல்பெட்டி, ஷாட் ஓகே ஆனதும் அவர் மானிட்டரை விட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் அடுத்த ஷாட்டுக்குப் போவார். அந்த ஒரு பார்வைக்காக இன்னும் ஐந்து வருஷம் இருந்திருப்பேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால்தான் ஊருக்கு வந்தேன். லியோனைப் பார்த்து நீங்கள் பரிதாபப்படுவது எனக்கு வலிக்கிறது.

ரீல்பெட்டி:
பேட்டா அண்ணா, உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்தப் பார்வை உண்மை என்றால், அந்த சீனுக்கு உங்கள் பெயரைத் தனிக் கார்டில் போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பேட்டா80:
ஒரு நொடி கூட ஆகியிருக்காது தம்பி. அது உண்மைதான்.

வியாசர்பாடி வாசகி:
எனக்கு வேறொரு கவலை. குப்ரிக் போன பிறகு பழைய படங்களைப் புதுப்பிக்கும்போது எல்லோரும் லியோனிடம்தான் கேட்டார்கள். 2019-இல் 'தி ஷைனிங்' 4கே என்ற உயர்தெளிவுப் பதிப்பாக வந்ததும் அவர் மேற்பார்வையில்தான். ஒருவர் மனத்தில் இருந்ததற்கு இன்னொருவர் நினைவே சாட்சி.

2011-இல் 'பேரி லிண்டன்' ப்ளூரேயில் சட்டகம் (படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 1.78 என்று வந்தது. ரசிகர்கள் சண்டை போட்டார்கள், லியோன் அந்த அளவுதான் சரி என்று நின்றார். அப்போது ஒரு கடிதம் வெளியே வந்தது. 1975 டிசம்பரில் குப்ரிக்கே தியேட்டர் ஆபரேட்டர்களுக்கு எழுதியது. படத்தை 1.66-இல் ஓட்டுங்கள் என்று தெளிவாக இருந்தது. திரையில் வெளிச்சம் 15 ஃபுட் லாம்பர்ட்டுக்கு (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையக் கூடாது, 18-ஐத் தாண்டக் கூடாது என்றுகூட எழுதியிருந்தார். 2017-இல் கிரைட்டீரியன் என்ற வீடியோ நிறுவனம் வெளியிட்ட பதிப்பு 1.66 தான்.

இதை லியோனைக் குறை சொல்ல எழுதவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தவருக்கே இப்படி ஆகும் என்றால், ஒரு கலைஞனின் மொத்தப் படைப்பையும் ஒரே விசுவாசியின் தலையில் ஏற்றி வைத்தது அநியாயம். கேட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

டெண்ட்கொட்டாய்:
இந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை வாசகி. கடிதம் கடிதம்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்தப் படங்களின் பிரிண்ட் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்த கண் வேறு யாரிடமும் இல்லை. ஒரு அளவில் அவர் தவறினார் என்பதற்காக, நிறத்தில் அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது.

ரீல்பெட்டி:
தள்ள வேண்டாம். எழுதி வைக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்திருக்கலாம், பக்கத்தில் இரண்டு பேரை உட்கார வைத்திருக்கலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

பேட்டா80:
என் கன்டினியூட்டி நோட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. நான்கு படம், பதினோரு நோட்டு. இதைப் படித்த பிறகு ஏறி இறக்கினேன். இரண்டில் பூச்சி அரித்திருக்கிறது, மற்றவை படிக்க முடிகிறது. பையனை விட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த சீன் என் கையெழுத்தில் ஏழாவது நோட்டில் இருக்கிறது.