கழுத்துக் கருமையும் கழுத்து ஸ்கேனும்

டவுன் பாத்திரக்கடை:
திருநெல்வேலி டவுனில் நாள் முழுவதும் கல்லாவின் முன் உட்கார்ந்திருக்கும் தொழில் எனக்கு, வயது 49. பின்கழுத்தில் ஏறியிருந்த கருமையை அழுக்கென்று எண்ணிப் பல ஆண்டுகளாகப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டை மருத்துவர் அதைப் பார்த்தவுடனேயே, இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் இது என்றார். இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. இருந்தது, நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டுமாம். வெறும் வயிற்றில் சர்க்கரை 108 மட்டுமே, ஆனால் இன்சுலின் 21. இன்சுலினுக்கு உடல் எவ்வளவு இணங்க மறுக்கிறது என்று காட்டும் கணக்குக்காக இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தபோது 5.6 வந்தது. வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும்போது இன்சுலினின் சொல்லை உடல் கேட்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுவதால், சர்க்கரையை மட்டும் பார்த்து வந்த எனக்கு அது தெரியாமலேயே போயிற்று.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, கெட்ட கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரவுப் புரோட்டாவுக்கு முழுக்கு, விடியற்காலையில் குறுக்குத்துறை வரை நடை என்று ஏழு மாதங்களில் 94 கிலோவிலிருந்து 86-க்கு வந்தேன். இன்சுலின் 10 ஆயிற்று, கணக்கு 2.3-க்கு இறங்கியது, கழுத்தும் வெளுத்தது. அந்த மகிழ்ச்சியில் யாரையும் கேளாமல் கொழுப்பு மாத்திரையை நிறுத்தியதுதான் நான் செய்த முட்டாள்தனம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கெட்ட கொழுப்பு 84-லிருந்து 151-க்கு ஏறியிருந்தது. கழுத்துத் தமனி ஸ்கேனிலோ, முதல் முறை எடுத்தபோது கண்ட சிறு கொழுப்புப் படிவு அப்படியே இருந்தது. எடை குறைந்தால் தமனியின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை நன்றாகச் சுரந்து, குழாய் இளகி விரியும் தன்மை சில மாதங்களிலேயே திரும்பக்கூடும் என்றும், பல ஆண்டுகளாகப் படிந்தது அவ்வளவு விரைவில் கரையாது என்றும், அது வெடித்து அடைப்பு உண்டாகாமல் காப்பதற்கே அந்த மாத்திரை என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

வள்ளியூர் வாசகி:
என் தாயார் நாளொன்றுக்கு 40 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். இரைப்பை அறுவை சிகிச்சை முடிந்து பத்தாம் நாள் வீடு திரும்பியபோது எடை நான்கு கிலோதான் குறைந்திருந்தது, இன்சுலினோ 10 யூனிட்டாகியிருந்தது. உணவு வெகுவாகக் குறைந்ததும் முதலில் கல்லீரல்தான் இன்சுலினுக்கு இணங்குமாம்.

அம்பை ஆசிரியை:
அண்ணாச்சி, எங்கள் அத்தான் துபாயில் இருந்தபோது வாராந்திர செமாகுளுடைடு ஊசி போட்டு 14 கிலோ குறைந்தார். அதை வெறும் அழகு ஊசி என்று நான் கேலி செய்ததுண்டு. இதய நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத, எடை மிகுந்த 17,604 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன என்று படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஊருக்கு வந்தவர் ஊசியை விட்டுவிட்டார். ஓராண்டுக்குள் ஒன்பது கிலோ திரும்பியது. பின்னாலேயே இரத்த அழுத்தமும் வந்தது. மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டின்மேல் பழியைப் போடுகிறார், அக்காள் ஒப்புக்கொள்வதில்லை.

டவுன் பாத்திரக்கடை:
சொதியை நானும் விடவில்லை அம்மா, சோற்றைத்தான் பாதியாக்கினேன். மாத்திரையை இப்போது கல்லாப்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். இரவு கணக்கு முடித்துப் பூட்டும்போது போட்டுவிடுகிறேன்.