வார்டுல தினமும் பாத்தது டாக்டர் இல்ல, பிஏ-வாம் (பிசிஷியன் அசிஸ்டென்ட், டாக்டருக்கு உதவியா இருக்கறவங்க). அவங்க எதெல்லாம் பண்ணலாம்?

ஏற்காட்டுக்காரன்:
வணக்கம்ங்க. போன மாசம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லு, சேலத்துல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணோம். தினமும் காலைல வெள்ளை கோட் போட்டுட்டு ஒரு பொண்ணு வந்து வயித்தை அமுக்கிப் பாத்து, டியூப்ல எவ்வளவு வந்திருக்குன்னு குறிச்சுட்டு, எல்லாத்தையும் பொறுமையா சொல்லும், அம்மா டாக்டரம்மான்னுதான் கூப்பிட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்குத்தான் பேட்ஜைப் பாத்தேன், பிசிஷியன் அசிஸ்டென்ட்னு போட்டிருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குத் தலை சுத்தல், போன் பண்ணா அதே பொண்ணுதான் எடுத்துச்சு, பிரஷர் மாத்திரையைப் பாதியாக் குறைச்சுக்குங்கன்னு சொல்லிருச்சு. இது டாக்டர் சொன்னதா அதுவா சொன்னதான்னு புரியல. ஏதாவது ஆச்சுன்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் வரணும், அதான் பயமா இருக்கு.

அம்மாபேட்டை பிஏ:
அண்ணா, நான் பிஏ-தான், ஹார்ட் சர்ஜரில 6 வருஷமா இருக்கேன். 3 வருஷம் படிச்சு 1 வருஷம் இன்டர்ன்ஷிப் முடிச்சு வந்தவங்கண்ணா. நோயாளிகிட்ட எல்லாம் விசாரிச்சு கேஸ் ஷீட் எழுதறது, பரிசோதனை பண்றது, டிரெஸ்ஸிங், தையல் பிரிக்கறது, ரிப்போர்ட் வந்தா சரியில்லாததை உடனே டாக்டர்கிட்ட சொல்றது, டிஸ்சார்ஜ் சம்மரி தயார் பண்றது எல்லாம் எங்க வேலை. பைபாஸ்ல சர்ஜன் நெஞ்சுல வேலை பாக்கறப்ப கால்ல இருந்து ரத்தக்குழாய எடுத்துக் குடுக்கறது கூட நாங்கதான், பழகினவங்களுக்கு மட்டும், சர்ஜன் பக்கத்துல இருக்கப்ப. நம்ம நாட்டுல 1992-ல சென்னைல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் ஆஸ்பத்திரில ஹார்ட் சர்ஜன் டாக்டர் கே.எம். செரியன் இந்தப் படிப்பை ஆரம்பிச்சதே இந்த மாதிரி உதவிக்குத்தான். அதனால அந்தப் பொண்ணு வயித்தைப் பாத்தது தப்பே இல்ல. ஆனா மாத்திரை அளவை மாத்தறது எங்க கைல இல்லைங்கண்ணா. "சார்கிட்ட கேட்டுட்டு கூப்பிடறேன்"னு சொல்லிருக்கணும். நானே ஒரு நாளைக்கு இருவது தடவை அதைச் சொல்றேன், அதுல எனக்கு ஒரு கூச்சமும் இல்ல. டாக்டரம்மான்னு கூப்பிட்டப்பவும் முதல் நாளே இல்லம்மா நான் பிஏ-ன்னு சொல்லிருக்கணும், எனக்கு அதுதான் ரொம்ப கஷ்டமா இருக்கு.

அஸ்தம்பட்டி டாக்டர்:
பிஏ தம்பி சொன்னது சரி. 2021-ல வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்துல இந்த வேலையும் இருக்கு, அது முறையான தொழில்தான். ஆனா 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34-வது பிரிவுப்படி பதிவு பண்ண டாக்டர் தவிர வேற யாரும் தன்னிச்சையா வைத்தியம் பாக்கக்கூடாது, மீறினா 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட போடலாம். பிஏ தனியா கிளினிக் வைக்க முடியாது, பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட முடியாது, மருந்துச் சீட்டுல கையெழுத்து எங்களுது. என் பேரைச் சொல்லி ஒரு பிஏ தப்பா சொன்னா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான், அதனால போனை அவங்க தலைல போட்டுட்டுப் போற எங்க ஆளுங்க மேலதான் எனக்குக் கோவம். நீங்க மொதல்ல பிரஷரைப் பாருங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் சரியா சாப்பிடாம தண்ணி குடிக்காம இருந்தாலும் குறையும், காய்ச்சல், கண்ணு மஞ்சள், வயித்து வலி இருந்தா போன்ல கேட்டுட்டு இருக்காம கூட்டிட்டு வந்துருங்க.

செவ்வாப்பேட்டை அக்கா:
என் பொண்ணு இப்ப பிஏ ரெண்டாவது வருஷம் படிக்கறா. சொந்தக்காரங்க பாதி டாக்டர்ங்கறாங்க, அதைக் கேட்டாலே எனக்கு வருத்தமா இருக்கு, அவ படிப்புக்குன்னு ஒரு பேரு இருக்கில்ல. தம்பி, அந்தப் பொண்ணு மேல கம்ப்ளைன்ட் எழுதறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிருங்க, சின்னப் பிள்ளையாத்தான் இருக்கும்.

ஏற்காட்டுக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. காலைல டாக்டரையே லைன்ல கேட்டு வாங்கிப் பேசினேன். மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாதாம். மூணு நாளைக்குக் காலைலயும் சாயங்காலமும் பிரஷர் பாத்து அனுப்பச் சொன்னாரு, அதைப் பாத்துட்டு அவரே முடிவு பண்றாராம். பக்கத்து வீட்டு நர்ஸக்கா வந்து பாத்துக் குடுக்கறேன்னுட்டாங்க. கம்ப்ளைன்ட் எழுதலைங்க, அந்தப் பொண்ணு சாயங்காலம் அதுவே கூப்பிட்டு அம்மாகிட்ட பேசுச்சு, அம்மா இன்னமும் டாக்டரம்மான்னுதான் சொன்னாங்க, இல்லம்மா நான் பிஏ-ன்னு அதுவே சொல்லிருச்சு.