‘ரீஎனாக்ட்மென்ட்’: ‘மீள்நிகழ்த்தல்’ என்னும் சொல்லைப் பரிந்துரைத்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய போர்களை, அக்காலத்து உடையும் ஆயுதமும் பூண்டு, இயன்றால் அவை நடந்த நிலத்திலேயே மீண்டும் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கை ஆங்கிலத்தில் ‘ரீஎனாக்ட்மென்ட்’ என்கிறார்கள். நம் குழுமம் தொகுக்கும் கலைச்சொல் அகராதிப் பட்டியலுக்காக, இதற்கு நிகராக ‘போர் விளையாட்டு’, ‘போர் நடிப்பு’, ‘போர்ப் பாவனை’, ‘போர்க்கூத்து’, ‘களமாடல்’ ஆகிய சொற்கள் இங்கு முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன், அம்மனிதர்கள் எதற்காக இதில் இறங்குகிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. அந்தக் காரணத்தைச் சுட்டாத சொல், எவ்வளவு அழகாக இருந்தாலும், பயன்படாது என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் 1968இல் ‘சீல்ட் நாட்’ என்ற அமைப்பைத் தொடங்கிய பிரிகேடியர் பீட்டர் யங், இரண்டாம் உலகப் போரில் கமாண்டோ படையில் போரிட்டவர். போர் வரலாற்றாசிரியரும் ஆவார். 1640களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போரை அந்த அமைப்பினர் நிகழ்த்துகிறார்கள். வாரநாட்களில் அலுவலகத்திலோ வகுப்பறையிலோ இருப்பவர்கள், விடுமுறையில் கம்பளி உடுப்பை மாட்டிக்கொண்டு, தம்மைவிட மூன்று மடங்கு நீண்ட ஈட்டியைத் தூக்கி, அணிவகுத்து நிற்கிறார்கள். துப்பாக்கியில் குண்டு இராது, கருமருந்து மட்டும் வெடிக்கும். ‘இரவு முழுதும் மழையில் நடந்து வந்த படை விடியலில் போரிட்டது’ என்று நூலில் ஒரே வரியாகக் கிடக்கும் செய்தி, நனைந்த கம்பளி தோளை அழுத்தும்போதுதான் தன் முழு எடையோடு புரிகிறது. சில சுற்று வெடித்ததும் கருமருந்துப் புகை களத்தை மூடிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரிவதில்லை, கட்டளை காதில் விழுவதில்லை. பழைய படைகள் அவ்வளவு பெரிய கொடிகளையும் முரசுகளையும் ஏன் சுமந்து சென்றன என்பது, அந்தப் புகைக்குள் நின்ற ஒருவருக்கு விளக்கம் இல்லாமலே விளங்கிவிடும். நூலில் படித்ததை உடம்பால் அறிய வேண்டும் என்ற வேட்கையே இவர்களை இழுத்துவரும் முதல் காரணம் என்று கருதுகிறேன்.

வேறு காரணங்களும் உண்டு. கூடாரத்தில் குடும்பத்தோடு தங்குவது, பொத்தானையும் தோல்வாரையும் பழைய முறையில் கையால் செய்வது, தோழமை, முன்னோர் மீதுள்ள பற்று ஆகியவை எளிதில் புரிபவை. பற்று சில இடங்களில் பொய்யாகவும் திரிகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் உடையை அணிந்து நிற்போருள் சிலர், அந்தப் படை எந்த அடிமை முறையைக் காக்கப் போரிட்டது என்பதைப் பேசாமலே வீரத்தை மட்டும் கொண்டாடுகிறார்கள். கலைச்சொல் இதற்குத் தீர்ப்பு வழங்க முடியாது; ஆயினும் வீரத்தை ஏற்றிச் சொல்லும் சொல்லாக அது இருக்கக் கூடாது.

‘போர் விளையாட்டு’ என்பது படையினரின் பயிற்சிக்கும் கணினி விளையாட்டுக்கும் ஏற்கெனவே வழங்குகிறது. அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. 1977இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின், தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்திலிருந்து வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறியவர்கள் 2009 வரை போருக்குள் வாழ்ந்தவர்கள். அவர்களின் உறவினர் இன்றும் இங்கு மலையகத்தின் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கும் அகராதியில் போரையும் விளையாட்டையும் ஒரே சொல்லாகக் கட்டிவைக்க என்னால் இயலாது.

‘நடிப்பு’ பார்வையாளரை நோக்கியது. மலைநாட்டுத் தியத்தலாவையில் 1900 முதல், தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட ஏறத்தாழ 5,000 போயர் போர்க்கைதிகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர் என்பது மலைநாட்டவர் பலர் அறிந்த செய்தி. அதே போரில், பார்டபெர்க்கில் தன் படையோடு சரணடைந்த தளபதி பியட் குரோன்யே, 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குச் சென்று, கட்டணம் செலுத்தி வந்த கூட்டத்தின் முன் தன் தோல்வியைத் தானே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினார். அதனை நடிப்பு என்பது சரியே. பார்க்க ஒருவரும் இல்லாத இரவிலும் வைக்கோல் மேல் படுத்து, உப்பிட்ட இறைச்சியைத் தின்று, விடியலில் எழும் குழுவினருக்கு அந்தச் சொல் பொருந்தாது.

தமிழகத்து அன்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘போர்ப் பாவனை’ அங்கு அழகான சொல்லாக இருக்கலாம். ஆனால் ‘மனிதப் பாவனைக்கு உதவாத அரிசி’ என்று நாள்தோறும் செய்தியில் படிக்கும் இலங்கை வாசகர், அதனைப் போரின் பயன்பாடு என்றே முதலில் புரிந்துகொள்வார். ‘களமாடல்’ ஓசையிலும் கட்டமைப்பிலும் மிகச் சிறந்தது; எனினும் உண்மையான போரில் நின்றவர்களையும் வீழ்ந்தவர்களையும் குறிக்க ஈழத்தமிழில் அது நிலைத்துவிட்டது. அந்தச் சொல்லை அதற்குரியோரிடமே விட்டுவிட வேண்டும்.

‘போர்க்கூத்து’ பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதனை முன்மொழிந்தவர் மலையகத் தோட்டத்தில் கூத்து ஆடியவர். அவருடைய வாதம் வலிமையானது. போரை மீண்டும் நிகழ்த்துவது நமக்குப் புதிதன்று என்கிறார் அவர். உண்மைதான். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை கூறும் பதினொரு வகை ஆடல்களுள் துடி, சூரனைக் கடலில் வென்ற முருகன் ஆடியது. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரன் போரில், சூரனைத் தோளில் சுமக்கும் இளைஞர்கள் வீதியில் முன்னும் பின்னுமாக ஓடி, தலை மாற்றி, மாமரமாக்கி, அந்தப் போரை ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். இலங்கையின் உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதை அம்மன் விழாவில் பாரதம் 18 நாளாக விரிகிறது. நம் தோட்டங்களிலோ காமன் கூத்தோடும் அருச்சுனன் தபசோடும் பொன்னர் சங்கர் ஆடப்படுகிறது; அண்ணன்மார் படுகளத்தில் விழ, தங்காள் வந்து எழுப்பும் கட்டத்தில், தப்பின் வேகத்தோடு கூட்டமும் அழுது நிற்கும். மேலைநாட்டார் எவருக்கும் குறையாத ஈடுபாடு அது.

ஆனாலும் இரண்டும் வேறு. காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடுபவர், கதை நடந்த காலத்துக்குத் தாம் போவதாக நினைப்பதில்லை. கதையின் தெய்வம் தம்மிடம் வருவதாக நம்புகிறார். சங்கர் அணியும் முடி எந்த நூற்றாண்டினது என்று கேட்பவர் அங்கு இல்லை, கேட்கவும் தேவையில்லை. பழைய போர்களை நடத்திப் பார்க்கும் மேலைநாட்டுக் குழுவினருக்கோ அந்தக் கேள்வியே உயிர்: தையல் கையால் போடப்பட்டதா, சாயம் அக்காலத்தில் இருந்ததா, பொத்தான் எதனால் ஆனது என்று இரவெல்லாம் வாதிடுவார்கள். சான்றுக்குக் கட்டுப்படுதல் என்ற இந்தப் பண்பைக் கூத்து என்ற சொல் தாங்காது; தாங்கவைத்தால் கூத்துக்கு உரிய அருளும் நேர்த்திக்கடனும் அதிலிருந்து கழன்றுவிடும். இரு பக்கத்துக்கும் இழப்பு.

எனவே ‘மீள்நிகழ்த்தல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘நிகழ்த்து’ என்ற வினை, நடந்ததை வாயால் சொல்வதோடு நில்லாமல் நடக்கச் செய்வதையும் குறிக்கிறது. பார்வையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்துகிறது. ‘மறு’ என்ற முன்னொட்டை விட ‘மீள்’ இலங்கை வழக்கில் நன்கு ஊன்றியது. மீள்பார்வை, மீள்குடியேற்றம் போன்றவை எல்லோருக்கும் பழகியவை. வாள், நுதல் சேர்ந்து வாணுதல் ஆவதுபோல் இது ‘மீணிகழ்த்தல்’ ஆக வேண்டாமா என்று இலக்கணம் அறிந்தோர் கேட்கலாம். விதிப்படி அது சரியே. ஆயினும் கலைச்சொல்லில் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிவதே படிப்பவருக்கு உதவி என்பதால், புணர்க்காமல் எழுதுவதையே வேண்டுகிறேன். செய்பவரை ‘மீள்நிகழ்த்துநர்’ எனலாம்.

‘போர்’ என்பதைச் சொல்லின் உள்ளே வைக்காமல், வேண்டிய இடத்தில் அடையாக மட்டும் சேர்க்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின்போது, 1984 ஜூன் 18 அன்று, ஓர்கிரீவ் என்ற இடத்தில் அவர்களுக்கும் பொலிசாருக்கும் பெரும் மோதல் நடந்தது. 2001இல் ஜெரமி டெல்லர் என்ற கலைஞர் அதனை ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டு மீண்டும் நிகழ்த்தினார். பல்வேறு மீள்நிகழ்த்தல் குழுக்களின் உறுப்பினரோடு, அன்று அங்கு நின்ற சுரங்கத் தொழிலாளரும் அதில் பங்கேற்றனர். மலையகத்தில் இதைப் படிக்கும் எவருக்கும் 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிசாரின் சூட்டுக்குப் பலியான கோவிந்தன் நினைவுக்கு வருவார். ஒருநாள் முல்லோயாவை நம்மவர் நிகழ்த்த முன்வந்தால், அதற்கும் இந்தச் சொல் உதவ வேண்டும்.

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த ‘மலையகம் 200’ நடைபயணம் மீள்நிகழ்த்தல் ஆகுமா என்று ஒரு கேள்வி வந்திருந்தது. ஆகாது என்பேன். காப்பித் தோட்டங்களுக்கு முன்னோர் நடந்த தடத்தை நோக்கி அவர்கள் நடந்தார்கள்; ஆனால் தம் சொந்த உடையில், தம் சொந்தப் பெயரில், இன்றைய உரிமைகளைக் கேட்டு நடந்தார்கள். அது நினைவுநடை. எனினும் அந்த வெயிலைத் தம் தோலில் பட்டு அறிய வேண்டும் என்ற எண்ணம், ஈட்டி தூக்குபவரின் எண்ணத்துக்கு மிக நெருங்கிய உறவு.

துணைச் சொற்கள் சிலவற்றையும் இத்துடன் முன்வைக்கிறேன். நிகழ்த்தும் நிலத்துக்கு ‘மீள்களம்’. ஒருவர் ஏற்கும் ஆளுக்கு, கூத்தில் உள்ள ‘வேடம்’ என்பதே போதும். 1640களின் படைவீரர் கையில் கைக்கடிகாரம் இருப்பது போன்ற பிழைக்கு, இலக்கணத்தில் உள்ள ‘காலவழு’ என்ற சொல்லைச் சற்று விரித்துப் பயன்படுத்தலாம். ‘லிவிங் ஹிஸ்டரி’ என்பதற்கு ‘வாழும் வரலாறு’ என்று பட்டியலில் இருப்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது; பழைய சமையலையும் நெசவையும் கொல்லுப்பட்டறையையும் செய்து காட்டுவதே அங்கு முதன்மை என்பதால் ‘வரலாற்று வாழ்முறைக் காட்சி’ என்று தற்போதைக்கு எழுதலாம் என நினைக்கிறேன். இது நீளமானது. சுருக்கமான சொல் எவரிடமாவது இருந்தால், பட்டியல் முடிவாகும் முன் அனுப்பி உதவுங்கள்.