மறு: "நியர் மிஸ்": தவறிய நிகழ்வா, எட்டாப் பிழையா?

வணக்கம். மருத்துவத்தில் "நியர் மிஸ்" (near miss) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> "தவறிய நிகழ்வு" என்றோ "மயிரிழைத் தப்பு" என்றோ வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

எப்படிப் புரியும் என்பதுதான் என் கவலை. தமிழில் இந்தச் சொற்கள் எல்லாமே இரட்டை வேடம் போடுபவை. தப்பு செய்தவன்தான் தப்பினான்; பிழை செய்தவன்தான் பிழைத்தான். "தவறினார்" என்றாலோ மாலை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மருத்துவமனைப் படிவத்தில் "தவறிய நிகழ்வு" என்று அச்சடித்தால் நோயாளியின் வீட்டார் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். "மயிரிழை" தூரத்தை அளக்கிறது. நமக்கு வேண்டியது தூரம் அல்ல. பிழை நிகழ்ந்தது, ஆனால் நோயாளியைச் சென்றடையவில்லை. அவ்வளவே கருத்து.

நான் பல் மருத்துவம் கற்பிப்பவன். சொல் எங்கே தேவைப்படுகிறது என்று காட்டுகிறேன். பல்சீரமைப்புக்காக ஒரு சிறுமிக்கு 14ஆம் எண் பல்லை எடுக்கச் சீட்டு வந்தது. முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, அடுத்தது நடுக்கோட்டிலிருந்து பல்லின் வரிசை. பயிற்சி மாணவர் முன்னிருந்து எண்ணினார். கோரைப்பல் இன்னும் முளைக்கவில்லை. ஆகவே நான்காவதாக விரலுக்குக் கிடைத்தது 15. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், இரண்டிலும் சொத்தை இல்லை. பற்குறடு பல்லருகே போகும்போது செவிலியர் சீட்டை உரக்கப் படித்தார். மாணவர் கையை இழுத்துக்கொண்டார், சரியான பல்லை எடுத்தார், பதிவேட்டில் "இடையூறு ஏதுமில்லை" என்று எழுதினார்.

கேட்டேன். "ஒன்றும் ஆகவில்லையே, சார்" என்றார். பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நினைக்கிறார். நோயாளி பாதுகாப்பு முக்கியமா என்று கேட்டால் வகுப்பே கை தூக்கும். தன் பிழையை எழுதித் தரச் சொன்னால் கை கீழே இறங்கிவிடும். மதிப்பெண் போய்விடும், மாணவர் எடுத்துக் காட்ட வேண்டிய பற்களின் கோட்டாவில் அந்தப் பல் கணக்கில் வராது என்ற பயம். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறையில் விமானிகள் எழுதுகிறார்கள் என்றால், பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

என் பரிந்துரை: எட்டாப் பிழை. ஆளைச் சுட்டாமல் நிகழ்வைச் சுட்டுகிறது.

—

> என் பரிந்துரை: எட்டாப் பிழை.

எட்டாக்கனி நினைவுக்கு வருகிறதே, ஐயா! கைக்கு எட்டாமல் போனதே என்று பிழைக்காக ஏங்குவது போல் இருக்கிறது. "நேராப் பிழை" எப்படி?

இன்னொன்று. வேர்ச் சிகிச்சையில் கழுவப் பயன்படும் ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்பான் கரைசலும் மரப்பு மருந்தும் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். பெயர் ஒட்டாத ஊசிக்குழல் தட்டில் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. இதுவும் உங்கள் சொல்லுக்குள் அடங்குமா?

—

"நேரா" சரிப்படாது. பிழை நேர்ந்துவிட்டது, நேராதது தீங்குதான். எட்டாக்கனி உறுத்தல் எனக்கும் உண்டு, ஆனால் "எட்டாத உயரம்", "காதுக்கு எட்டாத பேச்சு" என்றும் சொல்கிறோமே, அங்கே ஏக்கம் இல்லை. எங்கள் துறையில் ஞானப்பல்லுக்கு எண் எட்டு என்பதால் "எட்டாம் பிழை" என்று ஒருவராவது படிப்பார், படிக்கட்டும்.

ஊசிக்குழலுக்கு வேறு சொல் வேண்டும். அது கையிலேயே எடுக்கப்படாத வெறும் அபாய நிலை. எடுத்து ஈறருகே கொண்டுபோய், குளோரின் வாடை அடித்து நிறுத்தியிருந்தால்தான் எட்டாப் பிழை. துளி உள்ளே இறங்கியிருந்தால் அது எட்டிய பிழை, ஒன்றும் ஆகாவிட்டாலும்கூட. இந்த எதிர்ச்சொல் தானாகவே கிடைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

மாணவர் பெயருக்குக் கட்டம் இல்லாத படிவம் ஒன்றைத் தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் மெய்ப்பில் "எட்டா பிழை" என்று வந்திருக்கிறது. ப் போட்டுத் திருப்பி அனுப்பியாயிற்று.