இசை கேட்டுக் கவிதை: வகுப்புக்கு யோசனை தேவை

நண்பர்களே, எட்டாம் வகுப்பில் இசையைக் கேட்டுக் கவிதை எழுதும் பயிற்சிக்கு உங்கள் உதவி வேண்டும். வாத்திய இசை மட்டும், 3 நிமிடத் துண்டு. பாட்டைப் போட்டால் அதன் சொற்களே தாளில் வந்து விழும். முதல்முறை பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை வினைச்சொற்கள் மட்டும்: நெளிகிறது, தயங்குகிறது, சறுக்குகிறது. மூன்றாம் முறை, இசை மூச்சுவிடும் இடத்தில் வரியை உடைக்கிறார்கள். இதுவரை நன்றாகவே போகிறது.

சிக்கல் அடுத்துதான். மெதுவான இசை என்றாலே 'சோகம், தனிமை, கண்ணீர்'. உணர்ச்சிப் பெயர்களுக்குத் தடை போட்டால் நிலா, மழை என்று தேய்ந்த படிமங்களுக்குத் தாவுகிறார்கள். 'இந்தச் சத்தம் எந்த அறையில் கேட்கிறது? அங்கே தரையில் என்ன கிடக்கிறது?' என்று கேட்டால் சிலருக்கு 'தாழிடாத கதவு', 'ஒற்றைச் செருப்பு' என்று வருகிறது, பலர் விழிக்கிறார்கள்.

காதில் விழுவதைக் கண்ணில் படும் பொருளாக்க நீங்கள் என்ன கேள்வி கேட்கிறீர்கள்? 40 நிமிடப் பாடவேளைக்குள் அடங்கும் வழியாகச் சொல்லுங்கள்.